வார் இல்லாத மாடு

"மாட்ட ஓரங்கட்டுமே."

மேஸ்திரி பொன்னுரங்கம் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எர்ணாவூர் வண்டி நிறுத்தத்தில் அவர் சத்தம் போட வேண்டியதே இல்லை. முப்பத்துநான்கு ஒற்றை மாட்டு வண்டிகளும் அவர் தடி காட்டிய இடத்தில் நிற்கும், காட்டிய வரிசையில் நகரும். எண்ணூர் உப்பளத்து உப்பை ஏற்றித் திருவொற்றியூர் ரயிலடியில் இறக்குவதுதான் அத்தனை பேருக்கும் பிழைப்பு. முன்னால் வந்த வண்டி முன்னால் நிற்கும் என்பது அவர் வைத்த சட்டம். வரிசையில் இடம் இருந்தால் லோடு உண்டு. இடம் போனால் அடுப்பு எரியாது.

கன்னியம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை.

"இன்னாத்துக்கு மாமா?"

"கழுத்துல வாரு எங்க?"

"போட்டுட்டேன்."

"எங்க போட்ட?"

"காத்தூன் பீவி காளவாயில. எரிஞ்சி சாம்பலா பூட்ச்சி."

மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. 1951, தை மாதம். ஒரு பெண்பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டு வந்து நிற்பதே அன்றைய வேடிக்கைக்குப் போதும். அவள் வாரை எரித்தேன் என்று வேறு சொன்னதும் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பீடியைக் கீழே போட்டார்கள்.

எர்ணாவூர் வண்டிக்காரர்களின் வழக்கம் அது. உழைத்த மாடு செத்தால், உடம்புச் சூடு ஆறுவதற்குள் அதன் கழுத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் தோல்வார் ஒன்று அறுத்தெடுப்பார்கள். நுகம் தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பு ஏறிய இடத்தில்தான் அறுக்க வேண்டும். மாட்டுக்குச் சொந்தக்காரன் கத்தி பிடிப்பான். இன்னொரு வண்டிக்காரன் கொம்பைப் பிடித்துக்கொள்வான். தனியாக ஒருவனே அறுத்தால் அது திருட்டு. உப்பில் ஊறவைத்துக் காயப்போட்ட வாரைப் புது மாட்டின் கழுத்தில் கட்டினால் பழைய மாட்டின் பலம் இதற்கு இறங்கும். பேர் வாங்கிய மாடாக இருந்தால் உறவும் சிநேகிதமும் ஆளுக்கொரு வார் கேட்டு வாங்கிப் போவார்கள். யாருடைய வார் எந்த மாட்டிலிருந்து வந்தது, அந்த மாட்டின் கழுத்தில் கிடந்தது யாருடைய வார் என்று, பெண் பார்க்க வந்த இடத்தில் வம்சம் சொல்வதுபோல எல்லோரும் கடகடவென்று ஒப்பிப்பார்கள்.

கன்னியம்மா பிறந்தது முகத்துவாரக்குப்பத்தில், கட்டுமரக்காரர் வீட்டில். கருவாடு ஏற்ற வந்த வண்டிக்காரன் தாமோதரனுக்கு வாழ்க்கைப்பட்டு எர்ணாவூருக்கு வந்தவள். பொன்னுரங்கம் தாமோதரனுக்குத் தாய்மாமன். அந்த முறையில்தான் அவளுக்கும் மாமா.

போன ஆவணியில் தாமோதரனின் மாடு காலையில் தவிடு தின்றது, பாதி வழியில் நடுங்கியது, உச்சிப் பொழுதுக்குள் விழுந்து செத்தது. மூக்கிலிருந்து கறுப்பாக ரத்தம் வழிந்தது. வெகுநேரம் ஆகியும் உறையவில்லை. தாமோதரன் அழுதுகொண்டே வார் அறுத்தான். கொம்பைப் பிடித்தவர் பொன்னுரங்கம்.

மூன்றாம் நாள் தாமோதரனின் மணிக்கட்டில் கொசு கடித்தாற்போல ஒரு தடிப்பு. ஐந்தாம் நாள் அது நடுவில் கரித்துண்டு மாதிரி கறுத்து, சுற்றிலும் வீங்கியது. "சிலந்தி கட்ச்சிருக்கும். வலியே இல்லமே, வுடு" என்றான். வலிக்காத புண்ணுக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினார்கள். எட்டாம் நாள் தோள்வரை வீங்கி, ஜுரத்தில் பிதற்ற ஆரம்பித்தான். ராயபுரம் பக்கம் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அவனைப் பக்கத்து வீட்டு வண்டியில் போட்டுக் கொண்டுபோனாள் கன்னியம்மா.

டாக்டர் கையைப் பார்த்தார். பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"வீட்டில் மாடு ஏதாவது செத்ததா?"

அவள் அதுவரை மாட்டைப் பற்றி வாயே திறந்திருக்கவில்லை. மனுஷன் கையைப் பார்த்து மாட்டைக் கேட்கிறாரே என்று திகைத்து, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அடைப்பான் என்றார் டாக்டர். மாட்டுக்கு வருகிற நோய், செத்த மாட்டை அறுக்கிறவன் கைக்கும் வரும். புண் கறுத்த அன்றே வந்திருந்தால் பென்சிலின் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். மறுநாள் மத்தியானம் தாமோதரன் போய்விட்டான்.

பிணத்தை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் கன்னியம்மா டாக்டரைத் தேடிப் போய் நின்றாள். தலை கலைந்திருந்தது, கண் வற்றியிருந்தது. கேள்வி மட்டும் தெளிவாக இருந்தது.

"அந்தத் தோலுல இன்னும் கீதா சார் அது?"

"இருக்கும்."

"உப்புல போட்டு காயவச்சா பூடாது?"

"போகாது. வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டு கிடக்கும். எரித்தால்தான் சாகும்."

வீட்டுக் கூரையில் புருஷன் அறுத்த வார் காய்ந்துகொண்டிருந்தது. காரியம் முடிந்த மறுநாள் அதை நீளக் குச்சியால் எடுத்து, காத்தூன் பீவியின் காளவாய்க்குக் கொண்டுபோனாள். கழிமுகத்துக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற காளவாய் அது.

"இன்னாம்மா இது, பாம்பா?" என்றாள் காத்தூன் பீவி.

"அத்தவிட மோசம்க்கா."

பிறகு அண்ணன்மார் ஒரு மயிலை மாடு வாங்கிக் கொடுத்தார்கள். வண்டியைக் கூலிக்கு விட்டுவிட்டுக் கூடை தூக்கப் போ என்று ஊர் சொன்னது. அவள் தானே நுகம் பூட்டினாள். அப்படி வந்து நின்றவளைத்தான் பொன்னுரங்கம் ஓரங்கட்டச் சொன்னார்.

"வாரு இல்லாத மாடு வரிசைல நின்னா மத்த மாட்டுக்கும் ஆவாது. அறுத்துக் குட்த்தவன் உன் புருசன். அவன் கையால செஞ்சத எரிச்சிட்டு வந்து நிக்கிற, உனக்கு நெஞ்சுல ஈரம் கீதா?"

"அவன் கைய எரிச்சதே அதான் மாமா. நான் அத்த எரிச்சேன்."

"போ, போ. இங்க லோடு கெடையாது."

அவள் போனாள். ஆனால் மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். வரிசைக்கு வெளியே வண்டியை நிறுத்தி, முதல் வண்டி கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டு, காத்தூன் பீவிக்குக் கிளிஞ்சல் ஏற்றப் போவாள். உப்பில் வருகிற கூலியில் பாதிகூட அதில் வராது.

"பொம்பள வண்டி வருது, ஒதுங்கு, ஒதுங்கு!" என்று ஒருவன் தினமும் கத்துவான்.

"நல்லா ஒதுங்கு. மாடும் முட்டும், நானும் முட்டுவேன்" என்பாள் கன்னியம்மா.

பங்குனியில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் திருமலை வந்தார். சைக்கிளில் ஊசிப் பெட்டி, சுருட்டிய படம் ஒன்று. புங்க மரத்தில் படத்தை மாட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பொதுமக்களே! கால்நடைகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றக்கூடிய நோய்களுள்..."

"சார், பொதுமக்கள் வர்ற வரிக்கும் நிப்பாட்டுங்க. இங்க நாங்கதான் கீறோம்" என்றான் ஹுமாயூன். வரிசையிலேயே வாய் நீளமானவன் அவன்தான்.

திருமலை படத்தில் குச்சி குச்சியாக இருந்த கிருமிகளைக் காட்டினார்.

"இம்மாம் பெருசா கீது, மாட்டு மேல ஏறுனா எங்க கண்ணுக்குத் தெரியாதா?"

"இது பெரிதாக்கிய படம். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்கே தெரியாதத எப்டி சார் படம் எய்துனாங்க?"

சிரிப்பில் புங்க மரத்துக் காக்கைகள் பறந்தன. ஊசி போட்டால் மாடு பலம் குறையும் என்றார் பொன்னுரங்கம். ஒரு மாடும் வரவில்லை. வரிசைக்கு வெளியே நின்ற மயிலைக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டுத் திருமலை படத்தைச் சுருட்டினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"இவர்களுக்கு எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை அம்மா."

"நீ படத்த காட்டுற சார். அதுங்க பாக்காத படம். அதுங்களுக்குத் தெர்ஞ்சத வச்சி சொல்லணும்."

"அவர்களுக்கு என்ன தெரியும்?"

கன்னியம்மா வண்டியில் ஏறினாள். வார், மாடு, வண்டி, இதைத் தவிர அவர்களுக்கு என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டினாள். காளவாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் பிடி கிடைத்துவிட்டது.

மறுநாள் உப்பு நிறுக்கத் தாமதமானது. எல்லோரும் புங்க மர நிழலில் குந்தியிருந்தார்கள். கன்னியம்மா ஒரு கூடைக் கிளிஞ்சலும் கொஞ்சம் காளவாய்க் கரியும் கொண்டுவந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"ஹுமாயூன் பாய், உன் மாட்டு வாரு எங்கேர்ந்து வந்துச்சி?"

அவனிடம் இதைக் கேட்டால் போதும். "எங்க வாப்பாவோட காரி மாடு. அதுக்கு முன்ன எங்க தாதாவோட புள்ளி மாடு. அந்தக் காலத்துல வண்டிய இஸ்துகினு ஒரே மூச்சுல பொன்னேரி போவும்!"

"அந்த மாடெல்லாம் எப்டி செத்துச்சி?"

"கெழண்டு செத்துச்சி. பல்லெல்லாம் கொட்டி."

அவள் மணலில் ஒரு வெள்ளைக் கிளிஞ்சலை வைத்தாள். "உன்னுது மாரியப்பா?"

மாரியப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "மேஸ்திரி செவலைதான்! எங்க அண்ணன் கேட்டு வாங்குனது."

அவள் அதற்கும் ஒரு கிளிஞ்சல் வைத்தாள். இப்போது ஆளாளுக்கு முந்திக்கொண்டார்கள். பொன்னுரங்கத்தின் செவலை சாமானிய மாடு இல்லை. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது, குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சோடு ஏற்றிக்கொண்டு ஓய்வே இல்லாமல் ஓடிய மாடு. அது நான்கு வருஷத்துக்கு முன் திடீரென்று செத்தபோது அதன் தோலில் ஒன்பது வார் அறுத்தார்கள். ஒன்பதும் யார் யாரிடம் போயின என்று எல்லோருக்கும் மனப்பாடம். செவலையின் வார்களை அவள் ஒரு பக்கமாகவும், மற்ற வார்களை இன்னொரு பக்கமாகவும் அடுக்கிக்கொண்டே போனாள். இடையில் மெதுவாக அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"செவலை வாரு கட்டுன மாட்டுல எத்தினி இப்ப உசுரோட கீது?"

சிலர் விரல் விட்டு எண்ணினார்கள்.

செத்த மாட்டுக்கு ஒவ்வொரு கரித்துண்டாகக் கிளிஞ்சல் மேல் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் ஆறு. ஆறும் நின்றது நின்றபடி விழுந்து, மூக்கில் ரத்தம் வழியச் செத்தவை. மற்ற பக்கத்தில் இருந்த வெள்ளைக் கிளிஞ்சல்களில் ஒன்றின் மேலும் கரி விழவில்லை. கிழண்டு செத்தவையே தவிர, துடித்துச் செத்தது ஒன்றுமில்லை.

"ஆத்தா கோவம்னு பொங்க வச்சோமே" என்றான் ஒருவன்.

"ஆத்தாளுக்கு செவலை வாரு மேல மட்டும் இன்னா கோவம்? தோலு மாட்டு மேல தேயுது. மாடு நக்குது. தவிட்டுல உதுருது. டாக்டர் சொன்னது அதான். இப்ப மனுசங்களையும் வைக்கட்டுமா?"

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் இரண்டு கரித்துண்டை வைத்தாள். "இது எங்க வூட்டுக்காரரு. செவலை வாரு போட்ட மாட்ட அறுத்தாரு. இது மாரியப்பன் அண்ணன். அதே மாதிரி ஒரு மாட்டுக்குக் கொம்பு புடிச்சாரு. ரெண்டு பேர் கையிலயும் வலிக்காத கரும்புண்ணு. ரெண்டு பேரும் அதுலதான் பூட்டாங்க."

மாரியப்பன் தன் மாட்டின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னுரங்கம் எழுந்து வந்து கிளிஞ்சல்களை ஒரே உதையில் சிதறடித்தார்.

"என் செவலை கொலகார மாடாமே? சோறு போட்ட மாடுமே அது! குண்டு வுயுற நேரத்துல உங்க எல்லாரையும் காப்பாத்துன மாடு!"

"செவலை இன்னா மாமா பண்ணும்? அது நோவுல செத்துச்சி. அறுத்தது நாம."

"நாக்க அடக்கு!"

"அடக்குனா அடுத்த கரித்துண்டு யாருக்கு வைக்கிறது? உனக்கா?"

தடி ஓங்கியது. இறங்கவில்லை. கன்னியம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஐந்தாம் நாள் காலை, வரிசையின் முதல் வண்டியில் பூட்டியிருந்த பொன்னுரங்கத்தின் காரி மாடு நடுங்கியது. அவிழ்த்து விடுவதற்குள் முன்னங்கால் மடிந்தது. கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, மூக்கில் கறுப்பாக ரத்தம் இறங்கியது. அதன் கழுத்தில் கிடந்தது செவலையின் முதல் வார்.

பொன்னுரங்கம் மாட்டுப் பக்கத்தில் மண்டியிட்டு அதன் காதைத் தடவினார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"கொம்ப புடிங்கடா."

யாரும் நகரவில்லை.

"ஹுமாயூனு! உங்கப்பன் செத்தப்ப தோள் குட்த்தவன் நான். வா, புடி."

ஹுமாயூன் தரையைப் பார்த்தான். தினமும் தமாஷ் பேசுகிற வாய் அன்று தமாஷ் பேசவில்லை. "எனக்கு மூணு பொண்ணு மேஸ்திரி."

"மாரியப்பா!"

"எங்கண்ணன் புடிச்சான் மேஸ்திரி. நான் புடிக்க மாட்டேன்."

அவர் ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டார். பேர் சொன்னவன் எல்லாம் ஓரடி பின்னால் போனான். ஐம்பது வயதுக்கு மேல் ஆன ஆள், எல்லோருக்கும் முன்னால் கத்தியோடு நின்றார். அந்த நிறுத்தத்தில் அவர் சொல் செல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

"யாரும் வேணாம். நானே புட்ச்சி நானே அறுக்கிறேன்."

ஈக்கள் மொய்க்கத் தொடங்கிய தலைக்கும் அவருக்கும் நடுவில் கன்னியம்மா வந்து நின்றாள்.

"தனியா அறுத்தா திருட்டு மாமா. நீ சொல்லிக் குட்த்ததுதான்."

"வழி வுடு."

"வுட மாட்டேன். எங்க வூட்டுக்காரரு கொம்பு புடின்னு கேட்டப்ப நீ வந்து புட்ச்ச. அப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப தெரியும். தெர்ஞ்சும் அறுக்கப் போறியா? அறுத்து யாரு மாட்டுக் கயுத்துல கட்டுவ? பேரச் சொல்லு. இங்க நிக்கிறவங்கள்ல யாரு மாடு? சொல்லு!"

அவர் சுற்றிலும் பார்த்தார். முப்பத்துமூன்று மாடுகள். எல்லாவற்றையும் கன்றாக இருந்தபோதே பார்த்தவர், பாதியைச் சந்தையில் நின்று பல் பார்த்து வாங்கிக் கொடுத்தவர்.

கத்தி கையில்தான் இருந்தது. குரல் மட்டும் மாறியிருந்தது.

"எம்மாம் ஆழம் நோண்டணும்?"

"ஆறடி."

மாட்டை யாரும் கையால் தொடவில்லை. கயிறு போட்டு, வாரோடு, அறுபடாத உடம்பாகவே மணல்மேட்டுக்கு இழுத்தார்கள். ரத்தம் விழுந்த மண்ணையும் சுரண்டிக் குழிக்குள் போட்டார்கள். இழுத்த கயிறும் உள்ளேதான் போனது. காத்தூன் பீவி இரண்டு வண்டிச் சுண்ணாம்பு அனுப்பி, தானே வந்து நின்று கொட்டச் சொன்னாள். "இன்னும் கொட்டு! சுண்ணாம்புக்கு என்னா பஞ்சம், நான் கீறேன்ல!" மேலே முள் வெட்டிப் போட்டு மூடினார்கள். சேதி கேட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த திருமலைக்கு அன்று படம் மாட்டவோ பேசவோ நேரம் இருக்கவில்லை. இருபத்தெட்டு மாடுகளுக்கு ஊசி போட்டுக் கை சோர்ந்துவிட்டது.

எல்லோரும் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். சாயங்காலம் காளவாய்க்கு வந்த வார்கள் பத்தொன்பது. மீதியைக் கழற்றி வீட்டுப் பெட்டியில் ஒளித்து வைத்தவர்கள் உண்டு. கழற்றவே மாட்டேன் என்று மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. அவர்கள் வீட்டு வாசலில் கன்னியம்மா தினமும் போய் நின்றாள். "இன்னிக்கு எரிக்கிறியா, நாளிக்கு வரவா?" என்பதுதான் அவள் பேச்சு. ஒருத்தி அவள்மேல் சாணித் தண்ணீரைக் கொட்டினாள். குளித்துவிட்டு மறுபடி அதே வாசலுக்கு வந்தாள். பின்னாளில் காட்டுப்பாக்கம், மணலி என்று அக்கம்பக்கத்து வண்டி நிறுத்தங்களுக்கெல்லாம் திருமலை அவளைத்தான் கூட்டிப் போனார். போகிற இடமெல்லாம் அவள் முதலில் கேட்டது, "உன் வாரு எங்கேர்ந்து வந்துச்சி?"

ஆனால் அதெல்லாம் பிறகு. காரியைப் புதைத்த மறுநாள் காலை, வெளிச்சம் வந்ததும் வராததுமாக எர்ணாவூர் நிறுத்தத்தில் முதலில் வந்து நின்ற வண்டி கன்னியம்மாவினுடையது. வரிசைக்கு வெளியே இல்லை. முதல் இடத்தில்.

மாடு இல்லாமல் நடந்து வந்த பொன்னுரங்கம் தடியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். பின்னால் ஒவ்வொரு வண்டியாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

"வாரு விசயம் முட்ஞ்சிச்சி. பொம்பள வண்டி விசயம் வேற" என்றார்.

"ஓஹோ. அப்ப வாரு இல்லன்னு நீ ஓரங்கட்டுனது பொய்யா?"

"எதிர்த்துப் பேசாதமே. பின்னால போயி கடைசில நில்லு. லோடு தரேன்."

"எல்லாருக்கும் முன்ன வந்தது யாரு?"

அவர் பின்னால் வந்து நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"யாரு மாமா முன்ன வந்தது? முன்ன வந்தது முன்ன நிக்கும். அது நீ வச்ச சட்டம்."

"அவ சொல்றது நாயம்தான் மேஸ்திரி. ஜல்தி வுடு, வெயிலு ஏறுது" என்று பின்னாலிருந்து ஹுமாயூன் குரல் கொடுத்தான்.

உப்பள வாசலில் ஏட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கணக்கப்பிள்ளை சுயம்புவுக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. "மொதல் வண்டி வரலாம்!" என்று கத்தினார்.

பொன்னுரங்கத்தின் தடி பாதையின் குறுக்கே இருந்தது. எல்லோரும் அந்தத் தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா அதைப் பார்க்கவில்லை. மயிலையின் வெறும் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டி, கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

"தடிய எடு மாமா. மாடு நிக்காது."

சக்கரம் உருண்டது.